குடியை வென்ற குடிகள்

மதுவின் தீமையைப் பற்றி நாம் பேசாத ஆண்டு இல்லை. நமது வாலிபர் சங்கங்களின் பேச்சுப் போட்டிகளிலே தவறாது இடம்பெறும் தலைப்பு அது. திருவள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று தொடங்குவோம். குடி குடியைக் கெடுக்கும் என்று முடிப்போம். கைதட்டலும் பரிசிலும் பெற்று வீடு திரும்புவோம். திரும்பும் வழியில் மதிலோரத்தே ஒருவர் விழுந்து கிடப்பாராயின், வீதியின் மறுபக்கமாக ஒதுங்கிச் செல்வோம். அவர் ஏன் குடிக்கின்றார் என்று நாம் கேட்டதில்லை. அவருடைய தந்தையார் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார், பாட்டனார் எத்துன்பத்தைக் கண்டார் என்று கேட்டதேயில்லை. குடிப்பவரைக் கண்டித்தல் நமக்கு எளிதாயிற்று; குடிக்கு முன்னே நிகழ்ந்ததை அறிதல் அரிதாயிற்று.

இக்கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையும் கண்ட ஒரு சிற்றூரின் வரலாற்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விழைகின்றோம். அவ்வூர் நமது நாட்டில் உள்ளதன்று. நமது சமயத்தைச் சார்ந்ததுமன்று. கனடா தேசத்தின் மேற்குக் கோடியிலே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைநாட்டிலே, அந்நிலத்தின் ஆதிக்குடிகள் வாழும் ஊர் அது. நல்லதை எங்கிருந்தும் கற்கலாம் என்பது நம் முன்னோர் கொள்கையன்றோ!

ஊரும் மக்களும்

வில்லியம்ஸ் லேக் என்பது பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கை அண்டிய ஒரு பட்டினம். அதற்குத் தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவிலே இருப்பது அல்கலி ஏரி என்னும் ஊர். அங்கு வாழ்வோர் சூஸ்வாப் என்று வெள்ளையரால் அழைக்கப்பட்ட செக்வெபெம் இனத்தவர். தமது ஊரை அவர்கள் தம் மொழியில் எஸ்கெட் என்பர். 1970களின் தொடக்கத்திலே ஊரின் மக்கள்தொகை சில நூறு பேர் மாத்திரமே. புன்னிலமும் ஊசியிலைக் காடும் சூழ்ந்த இடம். ஆற்றில் வரும் சல்மன் மீனைப் பிடித்தும், மானை வேட்டையாடியும், கிழங்கும் கனியும் சேர்த்தும் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

1970களின் முற்பகுதியில் இவ்வூருக்கு அயலவர் இட்டிருந்த பெயர் வேறு. 'அல்கலி ஏரி' என்பதைத் திரித்து 'அற்ககோல் ஏரி' என்று எள்ளி நகையாடினர். அந்நகைப்பிலே உண்மையும் இருந்தது. ஊரில் வளர்ந்தோர் ஏறக்குறைய அனைவருமே குடிகாரராய் இருந்தனர் என்று அவ்வூரவரே பின்னாளில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளனர். அரசாங்க உதவிப்பணம் வந்த நாளிலேயே சாராயமாகிவிடும். பெற்றோர் குடித்து வீழ்ந்துகிடக்கும் இரவுகளிலே பிள்ளைகள் பாட்டிமார் வீட்டில் அடைக்கலம் புகுவர். அடியும் உதையும், விபத்தும் தற்கொலையும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகளாயின.

அயலவர் இதற்குக் கண்ட காரணம் ஒன்றே. 'இவர்கள் இயல்பே இது. இவர்களைத் திருத்த முடியாது' என்றனர். இக்கூற்று மெய்யாயின் நாம் எழுத வேண்டியது யாதுமில்லை. வரலாறு வேறு கூறுகின்றது.

இழப்பின் வரலாறு

1858ஆம் ஆண்டிலே பிரேசர் ஆற்று மணலில் பொன் கிடைக்கின்றது என்ற செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான அந்நியர் அப்பள்ளத்தாக்கினுள் புகுந்தனர். நான்கு ஆண்டுகள் செல்லுமுன், 1862இல், விக்டோரியாத் துறைமுகத்தில் தோன்றிய பெரியம்மை நோய் கரையோரமாகவும் உள்நாட்டிலும் பரவி, ஆதிக்குடிகளைக் கிராமம் கிராமமாக மாய்த்தது. புதைப்பதற்கும் ஆளில்லாத ஊர்கள் பல. கதை சொல்லும் முதியோர், மருந்தறிந்தோர், சடங்கறிந்தோர் என்போர் ஒரே பருவத்தில் மறைந்தனர்.

எஞ்சியோர் துயர் ஆற முன்னரே நிலமும் பறிபோயிற்று. அல்கலி ஏரிப் பள்ளத்தாக்கிலே 1861இல் ஒரு பெரிய மாட்டுப்பண்ணை எழுந்தது. அம்மாகாணத்தின் மிகப் பழைய பண்ணைகளுள் ஒன்று அது. புதிதாய்க் குடியேறிய வெள்ளையர் வெற்று நிலத்தை எல்லையிட்டுத் தமதாக்கிக் கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. அதே உரிமையை ஆதிக்குடிகளுக்கு 1866ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் மறுத்தது. ஆளுநரின் விசேட அனுமதியின்றி அவர்கள் அவ்வாறு நிலம் கொள்ளலாகாது. தம் பாட்டனார் வேட்டையாடிய காட்டிலே பேரன் அந்நியனாயினான். ஒதுக்கப்பட்ட சிறு துண்டு நிலங்களிலே அவர்கள் அடைக்கப்பட்டனர்.

1876இல் கனடாப் பாராளுமன்றம் 'இந்தியர் சட்டம்' என்பதனை இயற்றிற்று. ஆதிக்குடிகளைச் சட்டத்தின் கண்ணில் அரசாங்கத்தின் பராமரிப்பிலுள்ள சிறார் போன்றோராக ஆக்கியது அச்சட்டம். பொட்லாச் எனப்படும் அவர்களது கொடை விழா 1885 முதல் குற்றமாயிற்று. அத்தடை 1951 வரை நீடித்தது. நில உரிமை கோரி வழக்காடுவதற்குப் பணம் திரட்டுவதையும் 1927 முதல் 1951 வரை சட்டம் தடுத்தது. வாயைக் கட்டிவிட்டுப் பின் 'ஏன் பேசவில்லை' என்று கேட்பதைப் போன்றது இது.

மதுவைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ஆதிக்குடிகள் மது அருந்துவதையும் அச்சட்டமே தடைசெய்திருந்தது. தடை நல்லதுதானே என்று நம்மிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் இது ஓர் இனத்தவர்க்கு மட்டும் விதித்த தடை. வெள்ளையன் மேசையில் அமர்ந்து அருந்தினான். ஆதிக்குடியோன் மறைவில் நின்று, பிடிபடுமுன் முழுப் போத்தலையும் ஒரே மூச்சில் குடித்தான். பிடிபட்டால் சிறை சென்றான். கள்ளச் சாராயம் விற்றவன் கொழுத்தான். அம்மாகாணத்திலே இத்தடை 1951இல் தளர்ந்து 1962இல் முற்றும் நீங்கியது. நீங்கும்போது மது ஒரு விலங்காகவும், 'நாமும் மனிதரே' என்று காட்டும் சின்னமாகவும் ஒருங்கே மாறியிருந்தது. வாக்குரிமையின் கதியும் இதுவே: மாகாணத் தேர்தலில் 1949இலும், நாட்டுத் தேர்தலில் 1960இலுமே அது முழுமையாகக் கிட்டியது.

விடுதிப் பாடசாலை

மேற்கூறிய இழப்புக்கள் யாவற்றிலும் கொடியது பிள்ளைகளைப் பறித்ததேயாம். ஆதிக்குடிகளின் பிள்ளைகளைத் தாய் தந்தையரிடமிருந்து பிரித்து, தூரத்து விடுதிகளில் வைத்து, தாய்மொழியை மறக்கச் செய்து, வெள்ளையரின் பழக்கவழக்கங்களைப் புகட்டுவதே கனடா அரசு கைக்கொண்ட கல்விக் கொள்கை. செலவை அரசு ஏற்றது. பாடசாலைகளைத் திருச்சபைகள் நடத்தின. 1920இல் பிள்ளைகளை அனுப்பாதிருத்தல் குற்றமாக்கப்பட்டது. நாடெங்கணும் ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் இவ்விடுதிகளைக் கடந்து சென்றனர்.

வில்லியம்ஸ் லேக் அருகே 1891இல் தொடங்கி 1981 வரை நடந்தது புனித யோசேப்பு மிசன் விடுதிப் பாடசாலை. அல்கலி ஏரியின் பிள்ளைகளும் அங்கேயே கொண்டு செல்லப்பட்டனர். 1902 பெப்ரவரியிலே டங்கன் ஸ்ரிக்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவன், அல்கலி ஏரியைச் சேர்ந்தவன், அப்பாடசாலையை விட்டு ஓடினான். பனியிலே இறந்து கிடந்தான். விசாரணை நடந்தது. அடியையும் கெட்ட உணவையும் பற்றிப் பிள்ளைகள் சாட்சி கூறினர். பாடசாலை முன்போலவே தொடர்ந்து நடந்தது. 1920இல் சில சிறுவர்கள் கூடி நச்சுச் செடியைத் தின்றனர். அவர்களுள் ஒருவன் மாண்டான்.

வீட்டை விட்டுப் பிரிந்து, தாய்மொழி பேசினால் அடிவாங்கி, அணைப்பார் இன்றி, சிலர் வெளியே சொல்லவொண்ணாத பாலியல் கொடுமைக்கும் ஆளாகி வளர்ந்த பிள்ளை, பதினாறு வயதில் ஊர் திரும்பி, மணம் முடித்து, தானும் தாய் தந்தையாகும்போது என்ன செய்யும்? பிள்ளையை எவ்வாறு கொஞ்சுவது என்பதை அது யாரிடம் கற்றது? மடியில் இருந்து கற்க வேண்டியதைப் பிரம்பின் கீழ் எவ்வாறு கற்க முடியும்? நினைவை மறக்க மது கைகொடுத்தது. மதுவின் மயக்கத்திலே கை ஓங்கியது. அக்கை அடுத்த தலைமுறையின்மேல் விழுந்தது. இவ்வாறே ஒரு தலைமுறையின் காயம் அடுத்ததன் நோயாயிற்று.

ஒரு சிறுமியின் சொல்

இனி நமது வரலாற்றின் நடுவிடத்துக்கு வருவோம். 1972ஆம் ஆண்டு. பிலிஸ் செல்சி, அன்டி செல்சி என்னும் இளம் தம்பதியர் அல்கலி ஏரியில் வாழ்ந்தனர். இருவரும் அவ்விடுதிப் பாடசாலையில் வளர்ந்தோர், இருவரும் குடிப்போர். ஒருநாள் குடித்துத் தெளிந்தபின், பாட்டியார் வீட்டில் விட்டிருந்த பிள்ளைகளை அழைத்துவரப் பிலிஸ் சென்றார். ஏழு வயது மகள் வர மறுத்துவிட்டாள். நீங்கள் இருவரும் மிகவும் குடிக்கின்றீர்கள், அதனால் நான் வரமாட்டேன் என்றாள்.

எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததை அச்சொல் செய்தது. பிலிஸ் அன்றே குடியை விட்டார். சில நாட்களில் கணவரும் விட்டார். ஊரிலே மது தொடாதவர் என்று சொல்லத்தக்கோர் விரல்விட்டு எண்ணக்கூடியவராய் இருந்த காலம் அது. நண்பரின் வீடுகள் அவர்களுக்கு அடைபட்டன. குடியை விட்டவன் ஊருக்குப் பகைவன் என்றாற் போலாயிற்று.

வில்லியம்ஸ் லேக்கிலே எட் லிஞ்ச் என்னும் மதுநோய் ஆலோசகர் இருந்தார். கத்தோலிக்கத் துறவுச் சகோதரர் அவர். காயம் செய்ததும் திருச்சபையினர் நடத்திய பாடசாலை. மருந்திட வந்தவரும் அத்திருச்சபையினர் ஒருவர். வரலாறு நமது விருப்பு வெறுப்புக்கு ஏற்ப நடப்பதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. அவர் வாரந்தோறும் ஊருக்கு வந்து கூட்டம் நடத்தினார். 1935இல் ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கிய 'பெயர் கூறாக் குடியர் சங்க'த்தின் முறையைப் பின்பற்றிய கூட்டம் அது. அங்கே மேடையில்லை, பிரசங்கியில்லை. வட்டமாக அமர்வர். குடித்தவனே தன் கதையைச் சொல்வான், குடித்தவனே கேட்பான். பலகாலம் அக்கூட்டத்துக்கு வந்தோர் செல்சி தம்பதியரும் மற்றும் ஓரிருவருமே. ஆளில்லை என்று அவர்கள் கதவை மூடவில்லை என்பதை நம் சங்கத்தார் ஊன்றி நோக்குக.

ஆலோசனையும் நீதியும்

அன்டி செல்சி ஊர்த்தலைவராகத் தெரிவு செய்யப்பட்டபின் வேலை விரைவு பெற்றது. அவரும் துணைவியாரும் கையாண்ட வழிகளை இருவகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, மதுவின் வரவை அடைத்தல். உதவிப்பணத்தைக் காசாகக் கொடாமல், பட்டினத்துக் கடைகளில் உணவும் உடையும் மட்டும் வாங்கத்தக்க சீட்டுக்களாகக் கொடுத்தனர். பட்டினத்திலிருந்து சாராயம் சுமந்துவந்த வண்டியைத் தடுத்தனர். அடையாளமிட்ட நோட்டுக்களைக் கொண்டு கள்ளச் சாராய வியாபாரிகளைப் பொலிசாரிடம் பிடித்துக் கொடுத்தனர். பிடிபட்டோர் அந்நியரல்லர், உற்றாரும் அயலாருமே. தலைவருக்கு மிரட்டல்கள் வந்தன. அவர் அசையவில்லை.

இரண்டாவது, குடித்தவரைக் கைவிடாமை. இதுவே அவ்வூரின் தனிச்சிறப்பு. சட்டத்தை மீறியவருக்குச் சிறை அல்லது சிகிச்சை நிலையம் என்ற தெரிவு வைக்கப்பட்டது. சிகிச்சைக்கு உடன்பட்டவரை வெறுமனே வழியனுப்பிவிடவில்லை. அவர் சென்றிருக்கும் வாரங்களிலே ஊரார் பிள்ளைகளைப் பராமரித்தனர். வீட்டைப் பழுதுபார்த்து வர்ணம் பூசினர். திரும்பி வந்ததும் செய்வதற்கு ஒரு தொழில் தேடி வைத்தனர். குடித்துச் சென்றவர் குடியின்றித் திரும்பும்போது, பழைய இருட்டு வீட்டுக்கும் பழைய கூட்டாளிகளுக்குமே மீளவேண்டியதாயின், எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? இதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏனெனில் அவ்வழியே தாமும் நடந்தவர்கள்.

இவ்விரண்டோடும் நில்லாமல், இழந்தவற்றை மீட்கும் பணியும் நடந்தது. ஊருக்குச் சொந்தமான கடை திறக்கப்பட்டது. காட்டுத் தொழிலும் பயிர்த்தொழிலும் தொடங்கின. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பாமல் ஊரிலேயே பாடசாலை நிறுவித் தாய்மொழி கற்பித்தனர். மறைந்துபோன வேள்விகளும், வியர்வைக் குடிலில் அமர்ந்து செய்யும் வழிபாடும், பறையும் பாட்டும் மீண்டும் எழுந்தன; அறிந்தோர் ஊரில் இல்லாதவற்றை அயல் மாகாணமாகிய அல்பேட்டாவின் பெரியோரை அழைத்துக் கற்றனர். குடியை விட்டவன் கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். வெறுங்கை பழைய போத்தலையே தேடும். அவர்கள் கொடுத்தது தொழிலும் மொழியும் வழிபாடுமாகும்.

ஆண்டுகள் பல சென்றன. ஒருவர் இருவராகி, இருவர் இருபதின்மராயினர். 1980களின் நடுப்பகுதியிலே ஊரில் வளர்ந்தோருள் 100க்கு 95 பேர் குடியை விட்டவர் என்று அவ்வூரார் கணக்குக் கூறினர். 1985இல் தமது வரலாற்றைத் தாமே நடித்துப் படமாக்கினர். பில் லூக்காஸ் என்னும் ஆதிக்குடி இயக்குநர் அதனை ஆக்கினார். தாம் ஒருகாலத்தில் வீழ்ந்து கிடந்த காட்சியைத் தாமே மீண்டும் நடித்துக் காட்டுதற்கு எத்தகைய மனத்திடம் வேண்டும்! அப்படம் வட அமெரிக்காவின் எத்தனையோ ஆதிக்குடிக் கிராமங்களுக்குச் சென்றது. ஊராரும் உடன்சென்று தம் அனுபவத்தைப் பகிர்ந்தனர்.

குடி நின்றபின்

கதை இங்கே முடியுமாயின் இனிமையாய் இருக்கும். மெய்யான வரலாறு இங்கேதான் கடினமாகின்றது.

குடி நின்றவுடன் மயக்கம் நீங்கிற்று. மயக்கம் நீங்கியதும் காயம் தெரிந்தது. விடுதியில் நேர்ந்த பாலியல் கொடுமைகளை மக்கள் முதன்முறையாக வாய்திறந்து சொல்லத் தொடங்கினர். அக்கொடுமையைப் பட்டவர்களுள் சிலர் ஊரிலே பிறர்க்கு அதனையே செய்திருந்தனர் என்பதும் வெளியாயிற்று. மது இத்தனை காலமும் மூடிவைத்திருந்த கிணறு அது. குடியை நிறுத்துதல் முடிவன்று, தொடக்கமே என்பதை அவ்வூரார் அப்போது உணர்ந்தனர்.

நீதி கோரும் போராட்டமும் எழுந்தது. புனித யோசேப்பு மிசனின் முன்னாள் அதிபராயிருந்து பின்னர் ஆயராக உயர்ந்த ஒருவர்மீது 1991இல் குற்றச்சாட்டுப் பதிவாகியது. 1996இல் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று; 1998இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. மீண்டும் ஒரு வழக்கின் சித்திரவதையைப் பெண்கள் தாங்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, வேறொரு வழி தெரிந்தெடுக்கப்பட்டது. 1998 யூன் மாதத்திலே அல்கலி ஏரியிலேயே ஒரு வட்டம் கூடியது. துன்புற்ற பெண்கள் பேச, அவர் எதிரே அமர்ந்து கேட்டு மன்னிப்புக் கோரினார். இது போதுமான நீதியா என்பதில் ஊராரிடையே ஒருமித்த கருத்து இல்லை. இன்றும் இல்லை எனலாம். ஆயினும் ஒருகாலத்தில் பிள்ளைகளாய் ஊமையாக நின்றோர், தம் சொந்த மண்ணில், தம் முறைப்படி அமைந்த வட்டத்திலே பேசினர் என்பதை மறுத்தல் இயலாது.

இச்சிறு ஊர்களின் குரல் நாட்டையும் எட்டியது. 2008 யூன் 11இல் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 கோரிக்கைகளை முன்வைத்துத் தன் பணியை நிறைவு செய்தது. அதே புனித யோசேப்பு மிசனின் மாணவியாயிருந்த ஒருவர், 1973இல் ஆறு வயதில் முதல்நாள் பாடசாலை சென்றபோது பாட்டியார் வாங்கித்தந்த செம்மஞ்சட் சட்டையைப் பறிகொடுத்தார். அந்நினைவிலிருந்து 2013இல் வில்லியம்ஸ் லேக்கில் பிறந்த 'செம்மஞ்சட் சட்டை நாள்', செப்ரெம்பர் 30ஆந் திகதி நாடெங்கும் நினைவுகூரப்படுகின்றது. 2021 முதல் அந்நாள் அரசாங்க விடுமுறையுமாகும். 2022 சனவரியிலே அப்பாடசாலை வளவை நிலத்தடிக் கருவிகொண்டு ஆராய்ந்தோர், புதைகுழிகளாயிருக்கக்கூடிய 93 இடங்களைக் கண்டதாக அறிவித்தனர்.

குடி அவ்வூரில் முற்றாக ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. வழுவி வீழ்ந்தோர் உளர். 1985இன் கணக்கு அப்படியே நிலைத்து நிற்கவுமில்லை. புதிய போதைகளும் புதிய தலைமுறையைத் தேடி வருகின்றன. ஆனால் வீழ்ந்தவர் எழுந்து வரத்தக்க ஒரு வழி அவ்வூரிலே உண்டு. அவ்வழியை அறிந்த முதியோரும் உளர். முன்னர் அது இல்லை.

நமக்கு இதனால் என்ன?

ஐக்கிய அமெரிக்காவில் லக்கோட்டா இனத்திற் பிறந்த மரியா யெலோ ஹோர்ஸ் பிரேவ் ஹார்ட் என்னும் அறிஞர், ஓர் இனம் தலைமுறைதோறும் சுமந்துவரும் இத்தகைய துயரை 'வரலாற்றுக் காயம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். தனித்தனி மனிதரின் நோயாக மட்டும் அதனைக் கருதி மருந்து கொடுத்தால் ஆறாது. நிகழ்ந்ததை அறிந்து, அதற்காக ஒன்றுகூடித் துக்கித்து, தம் மரபைத் திரும்பப் பற்றினாலே ஆறும் என்பது அவர் கருத்தின் சாரம். அல்கலி ஏரி மக்கள் ஏட்டில் வருமுன்னரே இதை வாழ்ந்து காட்டினர்.

நமது நாட்டின் நிலை அவர்களுடையதைப் போன்றதென்று நாம் கூறமாட்டோம். ஒவ்வொரு மக்களின் துயரும் தனித்தனி. ஆயினும் நாமும் வரலாற்றுக் காயம் அறியாதவரல்லர். மலைநாட்டிலே கோப்பிக்கும் தேயிலைக்கும் என அழைத்துவரப்பட்டோர் கங்காணியின் கடனிலும் துண்டு முறையிலும் கட்டுண்டு கிடந்தனர். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இடையிலே கழிந்தவை 55 ஆண்டுகள், இரண்டு தலைமுறைகள். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நீடித்த போர் எத்தனை வீடுகளில் எத்தனை நாற்காலிகளை வெறுமையாக்கிற்று என்பதை இம்மலரைப் படிக்கும் எவருக்கும் நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வீடுகளிலே சில இரவுகளில் போத்தல் திறக்கும் ஓசை கேட்குமாயின், அதற்கு முன்னே வேறோர் ஓசை கேட்டிருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

மதுவிலக்கு இயக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. பிரித்தானியர் ஆட்சிக்குச் சாராயக் குத்தகை பெரும் வருவாயாய் இருந்தது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தை எதிர்த்து எழுந்த இயக்கம், தேசிய விழிப்புக்கே வித்திட்டது. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது அவ்வியக்கத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர். அக்காலத்து அநீதிகளைச் சட்டசபையில் எடுத்துரைத்து வாதாடியவர் நம் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவ்வியக்கத்தார் கடையை மூட முயன்றனர், அது நற்பணியே. ஆனால் கடைக்குச் செல்லும் மனிதனின் உள்ளத்தைத் திறந்து பார்க்கும் பணி எஞ்சியே நின்றது. அல்கலி ஏரி இவ்விரண்டையும் ஒருசேரச் செய்தது. கடையை மூடியது, மனிதனைத் திறந்தது.

நமது சங்கத்தைப் பற்றி ஒளிவின்றி ஒன்று கூறுவோம். நாம் சிரமதானம் செய்கின்றோம், குருபூசை நடத்துகின்றோம், பண்ணிசைப் போட்டி வைக்கின்றோம். இவற்றுக்கெல்லாம் வருவோர் குடியாதவரும், குடியாதவரின் பிள்ளைகளுமே. குடிப்பவர் நம் மண்டபத்தின் வாசலை மிதித்ததில்லை. மிதிப்பாராயின் வெளியே அனுப்பியிருப்போம். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு திருவிழாவில் அவ்வாறே அனுப்பினோம். அவர் வாதாடவில்லை. தலைகுனிந்து சென்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சென்ற சிறு பையன் மாத்திரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அப்பையனை நம் சமய வகுப்பிலே அதன்பின் நாம் கண்டதில்லை. தகப்பனை வெளியேற்றியதாக நாம் நினைத்தோம். இரண்டு தலைமுறையை வெளியேற்றினோம்.

ஆகையால் இவ்வாண்டு மதுவொழிப்புத் தீர்மானம் ஒன்றை மீண்டும் நிறைவேற்றுவதால் பயனில்லை. செய்யத்தக்கவை மூன்றைக் கூறி அமைவோம். முதலாவது, வாரத்தில் ஒரு மாலை நம் மண்டபத்தின் ஓர் அறையைத் திறந்து வைப்போம். குடியை விட்டவரும் விட விரும்புவோரும் அங்கு வட்டமாய் அமர்ந்து பேசட்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரை அழைப்போம். நாம் பிரசங்கம் செய்யாது தேநீர் மட்டும் கொடுப்போம். இரண்டாவது, ஒருவர் சிகிச்சைக்குச் செல்வாராயின் அவர் வீட்டை நமது வீடாக ஏற்போம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல், கூரையைச் செப்பனிடல், அடுப்பு எரிவதை உறுதி செய்தல் இவையெல்லாம் வாலிபர் கையால் இயலும் தொண்டுகளே. மூன்றாவது, சாராயத்தால் கொழுப்போரையும், மக்களின் கூலியையும் காணியையும் மறுப்போரையும் எதிர்த்துப் பேசத் தயங்கோம். காயத்தை உண்டாக்கும் கையைத் தடுக்காது காயத்துக்கு மட்டும் கட்டுப்போடுதல் முழுத் தொண்டாகாது.

முதல் வாரம் யாரும் வாராதிருக்கலாம். இரண்டாம் வாரமும் வாராதிருக்கலாம். அல்கலி ஏரியிலும் பலகாலம் அவ்வாறே இருந்தது. நாம் கதவை மூடாதிருப்போமாக. அன்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சென்ற அப்பையன் இப்போது வளர்ந்திருப்பான். அவன் தகப்பனோடு வரினும், தனியே வரினும், உள்ளே வா தம்பி என்று அழைப்பதற்கு அவ்வறையில் நம்மில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.